வயிற்று வரிகள் மறையுமா?

ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்துவிட்டது. வந்த உறவினர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். கை நிறையக் கண்ணாடி வளையல். தலை நிறையப் பூ.

அன்று இரவு புடவை மாற்றும்போது அந்தப் பெண் தன் வயிற்றைப் பார்க்கிறாள். தொப்புளுக்குக் கீழே சிவப்பும் ஊதாவும் கலந்த கோடுகள்! போன வாரம் வரை அவை கண்ணில் படவில்லை.

அவள் திடுக்கிடுகிறாள். யாரிடம் கேட்பது? மாமியாரிடம் கேட்க வெட்கம். கணவனிடம் காட்டத் தயக்கம். கையில் இருக்கும் செல்போனில் தேடுகிறாள்.

"ஏழே நாளில் மறையும்" என்கிறது ஒன்று. "எலுமிச்சம்பழத்தைத் தேய்" என்கிறது இன்னொன்று. "இந்தக் களிம்பை வாங்கு" என்கிறது மூன்றாவது.

எதை நம்புவது?

இது ஒரு பெண்ணின் கேள்வி அல்ல. கர்ப்பிணிப் பெண்கள் 100 பேரில் 50 முதல் 90 பேர் வரை இந்த வரிகள் விழுகின்றன. அதாவது, வரி விழாத பெண்ணே குறைவு! ஆகவே இதைப் பற்றிய உண்மையைக் குடும்பத்தில் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. ஆண்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வரி விழுவது ஏன்?

மனிதனின் தோல் ஒரே அடுக்கு அல்ல. மேலே மெல்லிய மேல்தோல் இருக்கிறது. அதன் கீழே தடித்த உள்தோல் இருக்கிறது.

உள்தோலில் கண்ணுக்குத் தெரியாத நார்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றில் ஒரு வகை, கயிறு போல் உறுதியானது. அதற்குக் கொலாஜன் என்று பெயர். இன்னொரு வகை, ரப்பர் போல் நீண்டு சுருங்கும். அதற்கு எலாஸ்டின் என்று பெயர். இந்த இரண்டும் சேர்ந்துதான் தோலைத் தாங்குகின்றன.

இனி, வயிற்றுக்குள் நடப்பதைப் பார்ப்போம்.

கர்ப்பம் இல்லாதபோது கருப்பையின் எடை ஏறக்குறைய 70 கிராம்தான். பிரசவ காலத்தில் அதுவே சுமார் ஒரு கிலோ ஆகிவிடுகிறது. அதற்குள் 3 கிலோ அளவில் குழந்தை. அதைச் சுற்றி ஏறக்குறைய ஒரு லிட்டர் பனிக்குட நீர். நஞ்சுக்கொடி ஒரு அரைக் கிலோ. இவ்வளவுக்கும் இடம் கொடுக்க வேண்டியது வயிற்றின் தோல்!

தோல் நீள்கிறது. ஓர் அளவுக்கு மேல் உள்ளே இருக்கும் நார்கள் ஈடு கொடுப்பதில்லை. அவை அங்கங்கே அறுந்தும் மெலிந்தும் போகின்றன. கர்ப்ப காலத்தில் உடலில் சுரக்கும் ஹார்மோன்களும் நார்களின் பிடிப்பைத் தளர்த்துகின்றன.

பழைய வேட்டியை இழுத்தால் என்ன ஆகிறது? துணி கிழிவதில்லை. ஆனால் இழைகள் விலகி அந்த இடம் மெலிந்து தெரிகிறது. தோலில் விழும் வரியும் அப்படித்தான்.

இந்த வரிகள் பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்குப் பிறகே தெரியும். வயிறு, மார்பு, இடுப்பு, தொடை ஆகிய இடங்களில் வரும்.

சொறிந்தால் வருமா?

"வயிற்றைச் சொறியாதே! சொறிந்தால் கோடு விழும்" என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. கோடு விழுந்துவிட்டால் பழியும் அந்தப் பெண் மீதே விழும். "சொன்ன பேச்சைக் கேட்டாயா?" என்பார்கள்.

இது சரியல்ல. சொறிவது மேல்தோலில் நடக்கிறது. வரி விழுவது உள்தோலில். நகம் பட்டால் மேல்தோல் கீறும். புண் ஆகும். அந்தப் புண்ணால் கருமை படியலாம். ஆனால் பிரசவ வரியை நகம் உண்டாக்குவதில்லை.

பெரியவர்களின் பேச்சில் ஒரு பாதி நியாயம் உண்டு. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்வது நல்லது. அரித்தால் சொறிவதற்குப் பதில் எண்ணெய் தடவுவது நல்லது. அது புண்ணைத் தடுக்கும். பழி சொல்வது மட்டும் வேண்டாம்.

யாருக்கு வரி அதிகம் விழும்? தாய்க்கோ அக்காளுக்கோ இருந்தால் இவளுக்கும் வர வாய்ப்பு அதிகம். மிக இளம் வயதில் கருவுற்றால் அதிகம். கர்ப்பத்துக்கு முன்பே உடல் பருமன் இருந்தாலும், கர்ப்பத்தில் எடை மிக அதிகமாக ஏறினாலும் அதிகம். குழந்தை பெரிதாக இருந்தாலும் அதிகம்.

இவற்றில் பல அந்தப் பெண்ணின் கையில் இல்லை. பிறப்பிலே வந்த தோலுக்கு அவள் எப்படிப் பொறுப்பாவாள்?

ஆண்களுக்கும் உண்டு!

இது பெண்களுக்கு மட்டும் வருவது என்று நினைப்பதும் தவறு.

பதின்மூன்று, பதினான்கு வயதில் சில பையன்கள் மளமளவென்று உயரமாவார்கள். அவர்களின் முதுகின் கீழ்ப்பக்கத்தில் குறுக்கே கோடுகள் விழுவது உண்டு. யாரோ அடித்த தழும்பு என்று அதைப் பார்த்துப் பயப்படும் பெற்றோரும் இருக்கிறார்கள். அது அடியும் அல்ல, நோயும் அல்ல. வளர்த்தியின் அடையாளம்.

உடற்பயிற்சி செய்து வேகமாகச் சதை ஏற்றும் இளைஞர்களுக்குத் தோளிலும் புஜத்திலும் வரி விழும். திடீரென்று உடல் பெருத்தவர்களுக்கு வயிற்றிலும் தொடையிலும் வரும்.

பையன் தோளில் விழுந்தால் "பயில்வான்" என்று மெச்சுகிறவர்கள், தாயின் வயிற்றில் விழுந்தால் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

வரிக்கு இரண்டு பருவம்

வைத்தியம் பற்றிப் பேசுமுன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வரிக்கு இரண்டு பருவங்கள் உண்டு.

முதல் பருவத்தில் வரி சிவந்து இருக்கும். மாநிறம் அல்லது கருநிறத் தோலில் ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தெரியும். சற்றுத் தடித்தும் இருக்கலாம். அரிப்பும் இருக்கலாம்.

இரண்டாம் பருவத்தில் நிறம் வெளுக்கும். வரி சற்றுப் பள்ளமாகும். அந்த இடத்துத் தோல் மெலிந்து சுருக்கமாக இருக்கும். பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களிலிருந்து ஓரிரு ஆண்டுகளுக்குள் இந்த மாற்றம் தானாக நடக்கிறது.

இங்கேதான் வியாபாரிகளுக்கு லாபம்! எதையும் தடவாவிட்டாலும் வரி மங்கும். அந்தச் சமயத்தில் எதைத் தடவியிருந்தாலும் "அதனால்தான் மங்கியது" என்று தோன்றும். களிம்புக்குக் கிடைக்கும் புகழில் பெரும் பங்கு காலத்துக்குச் சேர வேண்டியது.

ஆனால் மங்குவது வேறு, மறைவது வேறு. அறுந்த நார் பழையபடி ஒட்டிக்கொள்வதில்லை. வரி முழுவதும் மறைந்து, தோல் கன்னிப் பருவத்துத் தோல் போல் ஆகிவிடும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

வயிற்றின் நடுவே, மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு சிலருக்குத் தெரியும். அது வேறு. அது நிறம் கூடுவதால் வருவது. பிரசவமான சில மாதங்களில் பெரும்பாலும் தானே மங்கிவிடும். அதற்கு மருந்து வேண்டாம்.

எண்ணெய் செய்வதும் செய்யாததும்

வீட்டு வைத்தியம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது எண்ணெய். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழக்கம். வெளிநாட்டுப் பெண்கள் ஆலிவ் எண்ணெயும் கொக்கோ வெண்ணெயும் பூசுகிறார்கள்.

இவை வரியைத் தடுக்குமா? டாக்டர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

2008-ல் லெபனான் நாட்டுச் சோதனை ஒன்று வெளியாயிற்று. முதல் முறை கருவுற்ற பெண்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கொக்கோ வெண்ணெய் கலந்த பூச்சு. இன்னொரு பிரிவுக்குப் பார்வைக்கு அதே போன்ற வெறும் பூச்சு. எது யாருக்கு என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. முடிவு என்ன? இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வரி விழுந்தது. சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

ஈரானில் ஆலிவ் எண்ணெயைச் சோதித்தார்கள். அதிலும் வரி குறைந்ததாக நிரூபணம் ஆகவில்லை.

2012-ல் இப்படிப்பட்ட 6 சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். அவற்றில் மொத்தம் 800 பெண்கள். பூசும் எந்த மருந்தும் வரியைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்பதே அதன் முடிவு.

துருக்கியில் நடந்த சோதனை ஒன்றும் 2012-ல் வெளியாயிற்று. அது கவனிக்கத்தக்கது. அங்கே வாதுமை எண்ணெயை வயிற்றில் இதமாகத் தேய்த்துவிட்ட பெண்களில் 100-க்கு 20 பேருக்குத்தான் வரி விழுந்தது. அதே எண்ணெயைத் தேய்க்காமல் சும்மா பூசியவர்களில் 100-க்கு 39 பேருக்கு விழுந்தது. ஒன்றுமே பூசாதவர்களில் 41 பேருக்கு விழுந்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? எண்ணெயை விடக் கைக்கு மதிப்பு அதிகம் இருக்கலாம்! ஆனால் இது 141 பெண்களிடம் நடந்த சிறிய சோதனை. எண்ணெய் இல்லாமல் வெறும் கையால் நீவிய பெண்கள் அதில் இல்லை. ஆகவே இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது.

அப்படியானால் எண்ணெய் வேண்டாமா? வேண்டும்! வரியைத் தடுப்பதற்காக அல்ல. எண்ணெய் தோலின் ஈரம் வெளியேறாமல் காக்கிறது. வறட்சி குறைகிறது. அரிப்பு தணிகிறது. இழுபடும் தோலுக்கு இதமாக இருக்கிறது. இந்த உதவியே போதும். வீட்டில் இருக்கும் சுத்தமான தேங்காய் எண்ணெயே இதற்குப் போதும். விலை உயர்ந்த புட்டி வேண்டியதில்லை.

கற்றாழையும் வல்லாரையும்

சோற்றுக் கற்றாழையின் சோறு குளிர்ச்சி தரும். தோலுக்கு ஈரம் தரும். அரிப்புக்கு இதம். அதைப் பூசுவதில் தவறு இல்லை. வரியை அது அழிக்கும் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

கற்றாழை மடலை வெட்டினால் மஞ்சள் நிறத்தில் ஒரு பால் வடியும். அது சிலர் தோலில் எரிச்சல் உண்டாக்கும். அதை நன்றாகக் கழுவிய பிறகே சோற்றை எடுக்க வேண்டும். முதலில் முழங்கையின் உட்பக்கம் சிறிது பூசி ஒரு நாள் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள் கற்றாழையை உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. அந்தப் பால் கடுமையான பேதி மருந்து.

வல்லாரைச் சத்துச் சேர்த்த களிம்புகளையும் வெளிநாடுகளில் சோதித்திருக்கிறார்கள். உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சோதனைகள் போதவில்லை. வல்லாரைக் கீரையை அரைத்துப் பூசினால் அதே பலன் வரும் என்றும் சொல்ல முடியாது.

கேடு செய்யும் வைத்தியங்கள்

பலன் இல்லாத வைத்தியத்தால் பணம்தான் போகும். சில வைத்தியங்களால் தோலும் போகும்!

எலுமிச்சம்பழச் சாறு அவற்றில் ஒன்று. அது புளிப்பு மிகுந்த அமிலம். தோலில் எரிச்சல் தரும். சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் நெருப்புச் சுட்டது போல் கொப்புளம் எழலாம். பிறகு அங்கே கருமை படிந்து பல வாரம் நிற்கும். வரியைப் போக்கப் போய்க் கரும்படையைத் தேடிக்கொண்ட கதை ஆகிவிடும்.

சோடா மாவைத் தேய்ப்பதும் கெடுதல். பூண்டை நசுக்கி வைத்துக் கட்டினால் தோல் வெந்து புண்ணாகும். காபித் தூள், சர்க்கரை, பீர்க்கங்கூடு ஆகியவற்றால் அழுத்தித் தேய்ப்பதாலும் பயன் இல்லை. வரி இருப்பது உள்தோலில். மேல்தோலைச் சுரண்டினால் உள்ளே இருக்கும் வரி எப்படிப் போகும்?

எல்லாவற்றையும் விட ஆபத்தானவை, ஸ்டீராய்டு கலந்த களிம்புகள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்றவை இந்த வகை. சில நோய்களுக்கு இவை நல்ல மருந்து. டாக்டர் சொன்ன அளவுக்குச் சொன்ன நாள் மட்டும் பூச வேண்டியவை. ஆனால் "நிறம் வரும்", "தழும்பு போகும்" என்று இவற்றை வாங்கி மாதக் கணக்கில் பூசுகிறார்கள்.

இந்தக் களிம்புகளை நெடுநாள் பூசினால் தோல் மெலியும். மெலிந்த தோலில் புதிய வரிகள் விழும்! வரியைப் போக்க வாங்கிய மருந்தே வரியை உண்டாக்கும். இந்தக் கேட்டைத் தடுக்க 2018-ல் இந்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை, டாக்டரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதித்தது. விதி இருக்கிறது. வாங்குகிறவர்களும் விழிப்பாக இருக்க வேண்டும்.

டாக்டர் தரும் சிகிச்சை

சிவந்த பருவத்தில் உள்ள புதிய வரிகளுக்கு டிரெட்டினாயின் என்ற களிம்பை டாக்டர்கள் சிலருக்குக் கொடுக்கிறார்கள். அது வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தது. 1996-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறு சோதனையில் அது வரிகளின் நீளத்தையும் அகலத்தையும் ஓரளவு குறைத்தது. வெளுத்த பழைய வரிகளுக்கு அதனால் பெரிய பயன் இல்லை.

ஆனால் ஒன்று: கர்ப்பிணிகள் அதைத் தொடக் கூடாது! குழந்தைக்குக் கெடுதல் வரலாம் என்ற பயம் உண்டு. பால் கொடுக்கும் தாய்மார்களும் டாக்டரைக் கேட்காமல் பூசக் கூடாது.

லேசர் ஒளியாலும், நுண்ணிய ஊசிகளாலும் செய்யும் சிகிச்சைகளும் உண்டு. பல முறை செல்ல வேண்டும். பணம் அதிகம் ஆகும். வரி மங்குமே தவிர, முழுவதும் போகாது. கருநிறத் தோலில் லேசரால் கரும்புள்ளி விழும் வாய்ப்பும் இருக்கிறது. வசதியும் விருப்பமும் உள்ளவர்கள், தேர்ந்த தோல் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யலாம். கடன் வாங்கிச் செய்யத்தக்க காரியம் அல்ல இது.

களிம்பா, கீரையா?

ஒரு புட்டிக் களிம்பு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏழை வீட்டில் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அந்தப் பெண் தன் வாயைக் கட்டி மிச்சம் பிடித்ததாகத்தான் இருக்கும். அவள் குடிக்க வேண்டிய பால் அது. தின்ன வேண்டிய முட்டை அது.

தோலின் நார்களை உடல் தானே செய்துகொள்கிறது. அதற்குப் புரதம் வேண்டும். வைட்டமின் சி வேண்டும். பருப்பு, பயறு, முட்டை, மீன், பால் ஆகியவற்றில் புரதம் இருக்கிறது. நெல்லிக்காய், கொய்யா, முருங்கைக் கீரை ஆகியவற்றில் வைட்டமின் சி இருக்கிறது. இவற்றைச் சாப்பிட்டால் வரியே விழாது என்று சொல்ல முடியாது. ஆனால் தாய்க்கும் குழந்தைக்கும் நிச்சயம் பலம். களிம்பைப் பற்றி அப்படி நிச்சயமாகச் சொல்ல முடியுமா?

தமிழ்நாட்டில் அங்கன்வாடிகளில் கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்புச் சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. அவற்றை வாங்கிப் பரணில் போடாமல் சாப்பிட வேண்டும்.

வரி விழுமே என்று பயந்து சாப்பாட்டைக் குறைக்கும் பெண்களும் இருக்கிறார்கள். இது பெரிய தவறு! கர்ப்ப காலத்தில் எடை கூடத்தான் வேண்டும். சாதாரண உடல்வாகு உள்ள பெண்ணுக்கு 10 முதல் 12 கிலோ வரை கூடுவது இயல்பு. தாய் வயிற்றைக் காயப் போட்டால் குழந்தையின் எடை குறையும். வயிற்றுத் தோலின் அழகுக்காகக் குழந்தையின் உடல்நலத்தைப் பணயம் வைக்கலாமா?

அரிப்பை அலட்சியம் செய்யாதே!

வரி ஆபத்து இல்லை. ஆனால் வரியோடு சேர்ந்து வரும் அரிப்பு எல்லாமே சாதாரணம் என்று இருந்துவிடக் கூடாது. "குழந்தைக்கு முடி முளைக்கிறது, அதனால் அரிக்கிறது" என்று சில வீடுகளில் சொல்வார்கள். அந்தப் பேச்சை நம்பிச் சும்மா இருந்தால் ஆபத்து நேரலாம்.

கடைசி மாதங்களில் உள்ளங்கையும் உள்ளங்காலும் கடுமையாக அரிக்கிறதா? இரவில் தூங்க முடியாத அளவுக்கு அரிக்கிறதா? ஆனால் தோலில் தடிப்பு எதுவும் இல்லையா? அது கல்லீரலில் பித்தநீர் தேங்குவதால் வரும் அரிப்பாக இருக்கலாம். இந்த நோய் முற்றினால் வயிற்றில் உள்ள குழந்தையின் உயிருக்கே ஆபத்து ஏற்படலாம். ஒரு ரத்தச் சோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம். உடனே டாக்டரிடம் போக வேண்டும். எண்ணெய் தடவிக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது.

வரிகளின் மேலேயே சிவந்த தடிப்புகள் கிளம்பி அரிப்பதும் உண்டு. முதல் பிரசவத்தின் கடைசி மாதத்தில் இது வரும். இது குழந்தைக்குக் கெடுதல் செய்வதில்லை. பிரசவத்துக்குப் பிறகு ஆறிவிடும். இருந்தாலும் டாக்டரிடம் காட்டினால் அரிப்பு தணிய மருந்து தருவார்.

இன்னொன்று. கர்ப்பமும் இல்லை, உடல் வளரும் வயதும் இல்லை. ஆனாலும் அகலமான ஊதா நிற வரிகள் விழுகின்றன. முகம் உப்பி வட்டமாகிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. இப்படி இருந்தால் அது உடலில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் மிகுந்துவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கும் இது வரும். இவர்கள் கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும். மாத்திரையைத் தாமாகவும் நிறுத்திவிடக் கூடாது.

வீட்டில் செய்யத்தக்கவை

1. குளித்து, ஈரத்தை ஒற்றி எடுத்ததும், சுத்தமான தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ வயிற்றில் பூசலாம். இரவு படுக்கப் போகும்போதும் பூசலாம்.

2. விரல்களால் மெதுவாக, வட்டமாக நீவ வேண்டும். அழுத்தக் கூடாது. வயிற்றைப் பிடித்துவிடுவது, குழந்தையைத் திருப்பப் பார்ப்பது எல்லாம் கூடாது. வலியோ உதிரப்போக்கோ இருந்தால் உடனே நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும்.

3. எண்ணெய் பட்ட காலோடு ஈரத் தரையில் நடக்கக் கூடாது. கர்ப்பிணி வழுக்கி விழுவது வரியை விடப் பெரிய ஆபத்து.

4. கொதிக்கும் வெந்நீரை வயிற்றில் ஊற்றக் கூடாது. தோல் இன்னும் வறளும். இளஞ்சூடு போதும். மென்மையான பருத்தித் துணி உடுத்தினால் அரிப்பு குறையும்.

5. எதைப் புதிதாகப் பூசினாலும் முதலில் கையில் பூசிப் பார்க்க வேண்டும். எரிந்தால் விட்டுவிட வேண்டும்.

6. பெயர் தெரியாத களிம்பு, சீட்டு இல்லாத மருந்து, "ஏழு நாள்" விளம்பரம் ஆகிய மூன்றையும் வீட்டுக்குள் விடக் கூடாது.

பிரசவத்துக்குப் பிறகு துணியால் வயிறு கட்டும் வழக்கம் உண்டு. அதனால் முதுகுக்குச் சற்றுத் தாங்கல் கிடைக்கலாம். வரி போகாது. அறுவை செய்து பிரசவமானவர்கள் டாக்டரைக் கேட்டே கட்ட வேண்டும். மூச்சு முட்டக் கட்டுவது யாருக்கும் நல்லதல்ல.

குடும்பத்தின் கடமை

வரிகளுக்கு வீட்டு மருந்து இதுதான் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது வீட்டில் உள்ளவர்களின் பேச்சு.

"வயிறு இப்படி ஆகிவிட்டதே" என்று கணவன் ஒரு வார்த்தை சொன்னால், அந்தப் பெண்ணுக்குச் சோறு இறங்காது. கண்ணாடியைப் பார்க்கவே கூசுவாள். மறைத்து மறைத்து எதையாவது வாங்கிப் பூசுவாள். கெட்ட களிம்பை விற்கிறவனுக்கு வழி திறந்துவிடுவது அந்த ஒரு வார்த்தைதான்.

"எனக்கும் இருந்தது, பயப்படாதே" என்று மாமியார் சொன்னால் போதும். பாதிக் கவலை பறந்துவிடும். அந்த மாமியாரே கிண்ணத்தில் எண்ணெயை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால், மீதிக் கவலையும் போய்விடும். எண்ணெய் வரியைத் தடுக்கிறதோ இல்லையோ, அந்தக் கை மனத்தைத் தேற்றும்.

உழுத நிலத்தில் சால் இருக்கும். அதைப் பார்த்து எந்த உழவனும் வெட்கப்படுவதில்லை. பத்து மாதம் ஓர் உயிரைத் தாங்கிய வயிற்றில் நாலு வரி இருந்தால், அதற்கு மட்டும் ஏன் வெட்கம்?

வரி மங்கும். அதற்குக் காலம் வேண்டும். அதுவரை அந்தத் தாய்க்கு வேண்டியது நல்ல சாப்பாடு, போதிய தூக்கம், வீட்டாரின் அன்பான வார்த்தை. இந்த மூன்றையும் எந்தக் கடையிலும் புட்டியில் அடைத்து விற்பதில்லை. குடும்பம்தான் கொடுக்க வேண்டும்!